கூடவே வந்த உலாவி

சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு, சார்ஜில் போட்டபடியே என் பழைய கைப்பேசி கண்ணை மூடிவிட்டது. பழுதுபார்ப்பவர் அதைத் திறந்து, பாட்டரி அப்பளம்போல் உப்பியிருப்பதைக் காட்டி, "சார், இதுக்குச் செலவு பண்றது வீண்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டபடியால், தங்கை மகனை அழைத்துக்கொண்டு போய் 14,000 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். திரை பெரிது, படம் தெளிவாக விழுகிறது, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் இரண்டு நாள் தாங்குகிறது. கருவியைப்பற்றிப் புகார் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் சொல்லவந்தது, நான் கேளாமலே அந்தக் கருவியோடு கூடவே வந்து சேர்ந்த உலாவியைப்பற்றி.

கூகுளின் குரோம் உலாவியும் அதில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு சிறு உறைக்குள் பத்துச் சின்னங்களில் ஒன்றாக ஒடுங்கிக் கிடக்க, கைப்பேசிக் கம்பெனியின் சொந்த உலாவியோ திரையின் அடிவரிசையில், கட்டைவிரல் தானாகவே போய்த் தொடும் இடத்தில், மாப்பிள்ளைபோல் வீற்றிருந்தது. "மாமா, அதை யார் தொடுவா? முதல்ல குரோமுக்கு மாத்திக்குங்க" என்றான் தங்கை மகன். ஒன்றைப் பழகிப் பாராமலே தள்ளிவிடுவது நியாயமன்று என்ற பிடிவாதத்தினால், ஒரு மண்டல காலம், அதாவது 48 நாள், பத்திரிகை வாசிப்பது முதல் மின்கட்டணம் செலுத்துவது வரையில் எல்லாக் காரியங்களையும் அதிலேயே செய்துபார்ப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டேன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே ஸ்வபாவமுள்ள உலாவிகள் வேறு பல கம்பெனிகளின் கைப்பேசிகளிலும் இருக்கும்போது ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது முறையன்று.

முதன்முதலில் திறந்தவுடன் ஒரு சம்மதப் பத்திரம் வந்தது. நான் இருக்கும் இடம், என் கோப்புகள், அறிவிப்புகள் அனுப்பும் உரிமை ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து "ஒப்புக்கொள்கிறேன்" என்பது நீலநிறத்தில் கொழுகொழுவென்று பளிச்சிட, "விலகு" என்பது அதன் கீழே சாம்பல் நிறத்தில் மெலிந்து நின்றது. விலகினால் உலாவியே மூடிக்கொள்கிறது. ஒப்புக்கொண்டு உள்ளே போனால், முகவரி எழுதும் கட்டம் மேலே ஒரு கீற்றாக இருக்க, அதன் கீழே தங்கத்தின் விலை, ராசிபலன், கிரிக்கெட், ஒரு நடிகையின் விவாகச் செய்தி, மூட்டுவலியை மூன்று நாளில் போக்கும் இலை ஒன்றின் மகிமை என்று முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகிறது ஒரு சந்தைக்கடை. நான்கு செய்திக்கு ஒன்று விளம்பரம். அந்த விளம்பரமும் செய்தியின் சட்டையையே போட்டுக்கொண்டு வருவதால், "விளம்பரம்" என்று மூலையில் பொடியெழுத்தில் இருப்பதை மூக்குக்கண்ணாடி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. அமைப்புகளுக்குள் மூன்று படி இறங்கி இந்தச் சந்தையை மூடிவைத்தேன். பதினைந்து நாள் கழித்து ஒரு புதுப்பிப்பு வந்தது. சந்தை மறுபடியும் கூடிவிட்டது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தலைமாட்டில் கைப்பேசி ஒலித்தது. என் வயதில் அந்த நேரத்தில் வரும் ஒலிக்கு ஒரே அர்த்தம்தான். மதுரையில் படுக்கையாக இருக்கும் அண்ணாவை நினைத்துக்கொண்டு, கை நடுங்க எடுத்துப் பார்த்தேன். "இந்த மூன்று ராசிக்காரர்களுக்கு இன்று அதிர்ஷ்டம்" என்று உலாவி எனக்குச் சுபசமாசாரம் சொல்லியிருந்தது. அன்று முதல் நான் இதை ஒரு வாசகனாக அல்ல, வாதியாகத்தான் பரீட்சித்தேன் என்பதைப் படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்க வேண்டும்.

ஆயினும் வாதிக்கும் நேர்மை உண்டு. பக்கங்களை எடுத்துக்கொடுப்பதில் இந்த உலாவி சளைக்கவில்லை; நல்ல பொறியின்மேல் கட்டப்பட்டது. குரோமியம் என்ற பெயரில் எவரும் எடுத்து ஆளும்படி வெளியிடப்பட்டிருக்கும் அந்தப் பொறியே குரோம் உலாவிக்கும் ஆதாரமாகையால், இரண்டிலும் பக்கங்கள் ஒன்றுபோலவே விரிகின்றன. ஆண்ட்ராய்டு வந்த புதிதில் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரியும். அப்போது கூடவே வந்த உலாவியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளி எங்கேயோ அந்தரத்தில் தொங்கும். ஓப்பரா மினி என்னும் உலாவியை இறக்கி, அதன் ரகசிய அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும்படி ஒரு விசையைத் திருப்பிவிட்ட பின்பே நம்மில் பலர் கைப்பேசியில் தமிழ் வாசித்தோம். அந்த யுகம் போயிற்று. ஆகவே இந்த உலாவியின் குறைகளைத் திறமைக்குறைவு என்று சொல்லி மன்னிக்கவும் வழியில்லை.

வாசிக்கும் வசதியை எடுத்துக்கொள்ளுவோம். எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால், சில தளங்களில் வரி திரையைவிட்டு வலப்பக்கம் வெளியேறிவிடுகிறது. வேற்றுமை உருபும் பன்மையும் ஏறி ஏறிச் சரக்கு ரயில்போல் நீளும் தமிழ்ச்சொற்களுக்கு இந்த இடையூறு அதிகம். "தொழிற்சங்கத்தலைவர்களுக்கும்" என்ற ஒரு சொல்லை முழுதும் பார்க்க இரண்டு தரம் விரலால் தள்ள வேண்டியிருந்தது. பழைய ஆண்ட்ராய்டு உலாவியில், விரலால் விரித்துப் பெரிதாக்கியவுடன் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அடங்கும் சௌகரியம் ஒன்று இருந்தது. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் உள்பொறியை மாற்றியபோது அது மறைந்தது. என் பார்வையில், நல்லதைத் தொலைத்துவிட்டு நாகரிகம் அடைந்ததற்கு இது ஓர் உதாரணம்.

இரவு நேர வாசிப்புக்கென்று வைத்திருக்கும் கறுப்புத்திரை இன்னொரு வேடிக்கை. கல்வெட்டு எழுத்துகளைக் கறுப்புக் கோட்டில் வரைந்து, பின்னணி இல்லாத படங்களாகப் போட்டிருந்த ஒரு பக்கத்தை இரவில் திறந்தேன். உலாவி பக்கத்தைக் கறுப்பாக்கியது, படத்தைத் தொடவில்லை. கறுப்பின்மேல் கறுப்பாக எழுத்துகள் அனைத்தும் அந்தர்த்தானமாகி, "மேலே காணும் வட்டெழுத்து" என்ற குறிப்பு மட்டும் மிஞ்சியது.

முகவரியைப் பிரதி எடுப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் திருவள்ளுவரைப்பற்றிய கட்டுரையின் முகவரி, உலாவியின் மேற்கட்டத்தில் அழகான தமிழில் தெரிகிறது. அதைப் பிரதி எடுத்து நண்பருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினால், விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட ஊர்வலம் போகிறது. காரணம் இதுதான்: கணினியின் கணக்கில் "திருவள்ளுவர்" என்பது 12 குறிகள், ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டையும் முகவரியில் மூன்று எழுத்தால் எழுத வேண்டும். ஆக, நம் கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரியும் புலவர் 108 எழுத்தாக விசுவரூபம் எடுக்கிறார். இந்தக் குற்றம் இவ்வுலாவிக்கு மட்டும் உரியதன்று, குரோமும் இதையே செய்கிறது. ஆயினும் ஓய்வுபெற்ற தபால் அதிகாரியான என் நண்பர், "இது என்ன வைரஸ்?" என்று கேட்டுவிட்டு அதைத் தொடாமலே அழித்துவிட்டார்.

இனி, கண்ணுக்குத் தெரியாத குறைக்கு வருகிறேன். என் அபிப்பிராயத்தில் இதுவே பெரிது. எந்த உலாவியும் ஒரு தளத்தின் வாசலில் நின்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது ஒரு வரி சொல்லும். குரோமிய வகை உலாவிகளில் அந்த வரி மொசில்லாவில் தொடங்கி, ஆப்பிளின் வெப்கிட், கெக்கோ, குரோம், சஃபாரி என்று சம்பந்தமுள்ளவர்கள் இல்லாதவர்கள் அனைவர் பெயரையும் சொல்லி முடியும். நெட்ஸ்கேப் உலாவிக்கு மட்டும் நல்ல பக்கங்களை அனுப்பிய தொண்ணூறுகளின் தளங்களை ஏமாற்ற, அதன் உள்வட்டப் பெயராகிய மொசில்லாவைப் பிறரும் சூடிக்கொண்டதன் மிச்சம் இது. கல்யாண வீட்டில் இரு வீட்டாரிடமும் உறவு சொல்லிக்கொண்டு பந்தியில் உட்காருகிறவரைப்போல. அந்த வரியில் உண்மையாக நிற்பது குரோமியத்தின் பதிப்பு எண். என் உலாவி சொன்ன எண்ணைப் பார்த்தேன். அதே கைப்பேசியில் ஒடுங்கிக் கிடந்த குரோமைவிட அது ஒன்பது பதிப்பு பின்தங்கியிருந்தது.

இது வெறும் எண் கௌரவம் அன்று. 2021-இல் குரோம், நான்கு வாரத்துக்கு ஒரு பெரும்பதிப்பு என்ற கணக்குக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் கன்னமிட ஏற்ற ஓட்டைகள் சில அடைக்கப்படுகின்றன. குரோமியத்தின் மூலநிரல் பகிரங்கமானதாகையால், எந்த ஓட்டை எப்படி அடைக்கப்பட்டது என்பதை எவரும் வாசிக்கலாம். அடைத்தவர் வீட்டுக்கு அது பாதுகாப்பு. அதே மாதிரி வீட்டைக் கட்டிக்கொண்டு இன்னும் அடைக்காமல் இருப்பவர் வீட்டுக்கோ, கள்வனுக்குக் கொடுத்த வரைபடம். அந்தக் கணக்கில் ஒன்பது பதிப்பு என்றால் எட்டு மாதத்துக்குச் சற்று மேல். இடையில் சில ஓட்டைகளைக் கம்பெனி தனியே அடைத்திருக்கலாம், ஆனால் அதை நான் அறியும்படி எங்கும் எழுதிவைக்கவில்லை. பெரியவர்களும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். ஆண்ட்ராய்டு 4.3-க்கும் அதற்கு முற்பட்டவற்றுக்கும் உள்பொறியின் ஓட்டைகளைத் தானே அடைத்துத் தருவதில்லை என்று கூகுள் கைவிரித்த செய்தி 2015 ஜனவரியில் வெளியானபோது, புழக்கத்தில் இருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பாதிக்கு மேல் அந்தப் பதிப்புகளிலேயே இருந்தன.

ரகசிய உலாவலைப்பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் சியோமி நிறுவனத்தின் உலாவிகள் அந்த நிலையிலும் பார்த்த தளங்களின் விவரங்களைச் சேகரிப்பதாக ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மறுத்த சில நாளிலேயே, ரகசிய நிலையில் அந்தச் சேகரிப்பை நிறுத்திவைக்கும் விசையைப் புதுப்பிப்பில் சேர்த்தது. அதற்கு மேல் நான் வியாக்கியானம் செய்யவேண்டிய அவசியமில்லை.

இவ்வளவு பிரயாசைப்பட்டு ஓர் உலாவியை நம் கையில் திணிப்பானேன் என்று கேட்கலாம். வாசலுக்கு விலை உண்டு. ஐபோனின் சஃபாரியில் தன் தேடுபொறியே இயல்பாக இருக்கவேண்டும் என்பதற்காக 2022-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்த கணக்கு. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடுதலில் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். இந்தியப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு விவகாரத்தில் அதே நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பெரிய வாசலுக்கு அந்த விலையென்றால், சிறிய கம்பெனியின் திண்ணைக்கும் ஒரு விலை இருக்கத்தான் செய்யும். ராசிபலனும் இலை வைத்தியமும் அந்த வாடகைக்கு உட்கார்ந்திருப்பவை. 14,000 ரூபாய் கொடுத்து வீட்டை வாங்கிய நான் மட்டும் அந்த வரவுசெலவில் எங்கும் வருவதில்லை.

48-ஆம் நாள் முடிந்தவுடன் வெளியேற முயன்றேன். சேமித்திருந்த முகவரிகள் 112. அவற்றை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் வழியை உலாவி தரவில்லை. கம்பெனியின் கணக்கில் சேர்ந்தால் அதே கம்பெனியின் அடுத்த கைப்பேசிக்குக் கொண்டுபோகலாமாம். இரண்டு மாலைப்பொழுதுகளில், ஒவ்வொன்றாக, கையால் மாற்றினேன். உலாவியை நீக்கப் பார்த்தேன். நீக்கும் பொத்தான் இல்லை. முடக்கப் பார்த்தேன், முடக்கும் பொத்தான் இருந்தது, ஆனால் அழுத்தமுடியாதபடி மங்கியிருந்தது.

ஆகவே என் முடிவு: இந்த வகைக் கைப்பேசியை வாங்கலாம், அதன் உலாவியை, வேறோர் உலாவியை இறக்கும் வரையில்கூட உபயோகிக்க வேண்டாம், ஏனெனில் அதற்கு ப்ளே ஸ்டோரே போதும். நான் ஆண்ட்ராய்டுக்கான ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறினேன். பக்கம் விரிவதில் அது சில தளங்களில் சற்று மந்தம். ஆனால் விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை அதில் பொருத்தலாம், ஆண்ட்ராய்டுக் குரோமில் அந்தச் சலுகை இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றத்தால் பயன் குறைவு: இந்தியாவில் விற்கும் ஐபோனில் எந்தப் பெயருள்ள உலாவியும் ஆப்பிளின் வெப்கிட் பொறியின்மேல்தான் ஓடவேண்டும்.

மாறுகிறவர்கள் புதிய உலாவியை இறக்கியதோடு நின்றுவிடாமல், அமைப்புகளில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் இயல்பு உலாவியையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸாப்பில் வரும் இணைப்புகள் பழைய இடத்திலேயே போய்த் திறக்கும். அப்படியே பழைய உலாவியின் அறிவிப்புகளையும், இருப்பிடம் அறியும் அனுமதியையும் அடைத்துவிடுங்கள். எனக்கு இந்த மூன்றும் செய்ய ஐந்து நிமிஷம் ஆயிற்று. பழைய உலாவி இப்போது திரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அது ஒலிப்பதில்லை.