அமிர்தமதி கேட்ட குரல்

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தைப் பேச எடுப்பவர்கள் உஞ்சயினி அரசி அமிர்தமதியை விட்டுவைப்பதில்லை. அழகிலே குறையில்லாத கணவன் யசோதரன் பக்கத்தில் இருக்க, அங்கம் கோணிய யானைப்பாகன் மேல் ஆசை வைத்தவளாம். 'பெண்புத்தி பின்புத்தி' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். காவியத்தை நிதானமாகப் படித்தால் சங்கதி வேறு.

அரசி முதலில் கேட்டது இரவில் வந்த பாட்டை. ஆளை அவள் பார்க்கவே இல்லை. போய்ப் பார்த்து வந்தவள் தோழி குணவதி. அட்டபங்கன் என்னும் பெயரே எட்டுக் கோணலைச் சொல்லும். அவன் உடம்பை அருவருப்போடு வருணிப்பவளும் ஒரு பெண்தான் என்பதைக் கவனியுங்கள். அரசியோ, மனம் போனபின் உருவம் என்ன செய்யும் என்கிறாள். உடம்பு ஒன்று, தீர்ப்பு இரண்டு. பெண்களின் கண்ணே இப்படித்தான் என்று பொதுவாகச் சொல்ல இந்தக் கதை எங்கே இடம் தருகிறது?

சமண வினைக்கொள்கை தெரிந்தவருக்கு இதில் வியப்பில்லை. நாமவினையில் உடலமைப்பு மட்டுமே 6 வகை. உறுப்பெல்லாம் அளவொத்த சமசதுரம் முதலில். பிறகு மேல் பருத்தது, கீழ் பருத்தது, கூன், குறள். கடைசியில் ஓர் ஒழுங்குமில்லாத ஹுண்டம். அதோடு விடவில்லை. இனிய குரலுக்குச் சுஸ்வரம் என்று தனி வினை. பிறர் விரும்பும்படி இருப்பதற்குச் சுபகம் என்று இன்னொன்று. அழகிருந்தும் பிறருக்குப் பிடிக்காமற் போவது துர்பகம் என்று பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் விளக்குகிறார். உருவம் வேறு, ஈர்ப்பு வேறு என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? நாமோ பெண்ணுக்கு வரும் வரனின் போட்டோவைப் பார்த்ததுமே, 'உயரம் பத்தாது, தொப்பை வேற' என்று தள்ளிவிடுகிறோம். அவள் இன்னும் அந்தப் பையனோடு ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டாள்.

அமிர்தமதி செய்த குற்றம் கணவனை வஞ்சித்தது. பிறகு அவனுக்கும் மாமியார் சந்திரமதிக்கும் நஞ்சு வைத்தது. அதை யாரும் மன்னிக்க வேண்டாம். கோணல் உடம்புக்காரனைப் பிடித்துப்போனதைக் குற்றப் பட்டியலில் சேர்ப்பதுதான் தவறு.

ஆசிரியர் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. பிற்பகுதியில் அவளுக்குத் தொழுநோயைக் கொடுத்து, அழுகும் உடம்பைக் காட்டுகிறார். உடம்பு கெட்டால் ஆளே இழிவு என்ற குணவதியின் அளவுகோலை அவரே கையில் எடுத்துக்கொள்கிறார். அரசன் பலியிட்டது மாவினால் செய்த கோழிதான் என்றாலும் எண்ணத்தால் அது கொலையே என்று அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர், இந்த இடத்தில் மட்டும் ஊர்ப்பேச்சோடு போய்விட்டார்.