மேயும் மனிதர்கள்

கற்பனை மிருகங்கள் பெரும்பாலும் எனக்கு அலுப்பூட்டுகின்றன. ஆட்டுக்கு இன்னொரு ஜோடிக் கொம்பு, குதிரைக்குச் செதில் – இதைச் சிருஷ்டி என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, பேச்சிலேயே கதை நடத்துகிற ஆட்டங்களின் புத்தகங்களில் இந்தச் சரக்கு ஏராளம். விதிவிலக்கு ஒன்று உண்டு.

2018ல் காலமான அமெரிக்கர் கிரெக் ஸ்டாஃபோர்ட் படைத்த குளோராந்தா என்ற உலகில் நிகழ்வது, 1978ல் வெளிவந்த ரூன்குவெஸ்ட் ஆட்டம். அங்கே பிராக்ஸ் என்றொரு வறண்ட மேய்ச்சல் நிலம். பைசன், இம்பாலா மான், ராட்சத லாமா என்று குலத்துக்கு ஒரு மந்தை. லாமாவை உயரமாக்கியது பெரிய காரியமில்லை. ஆனால் மொரோகாந்த் என்ற குலத்தார் டேப்பிர் உருவினர், கட்டைவிரல் இல்லாதவர்கள். அவர்கள் மேய்ப்பது மனிதர்களை. புத்தியும் பேச்சும் போய், புல் தின்கிற மனிதர்கள்.

இதற்கு ஒரு புராணம். எல்லோருக்கும் உணவு போதவில்லை. வாஹா என்ற மூலபுருஷன் ஓர் உடன்படிக்கை செய்கிறான்: உண்பவர் யார், உண்ணப்படுபவர் யார் என்று திருவுளச்சீட்டு. மற்றக் குலங்களில் இரண்டு கால்கள் ஜெயித்தன. ஒன்றில் மட்டும் மாறி விழுந்தது. மொரோகாந்த் ஏமாற்றிவிட்டதாக மற்றக் குலத்தார் சொல்லிக்கொள்கிறார்கள். தாங்கள் ஜெயித்த சீட்டைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. ஸ்டாஃபோர்டின் ஆகச் சிறந்த நுணுக்கம் இந்த வதந்திதான் என்று எனக்குப் படுகிறது.

இந்த மிருகத்தின் உடலில் கற்பனை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது நம் உடல். கற்பனை முழுவதும் உறவில் இருக்கிறது. 1726லேயே ஸ்விஃப்ட் குதிரைகளின் ஆட்சியில் யாஹூக்களைக் காட்டிவிட்டார் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் யாஹூ அருவருப்புக்குரியவன். அவன் நிலை ஒரு தீர்ப்பு. மந்தை மனிதன் எந்தப் பாவமும் செய்யவில்லை. சீட்டு விழவில்லை, அவ்வளவுதான். ஸ்விஃப்டிடம் இருக்கிற உபதேசம் இங்கே கிடையாது. அதனாலேயே இது அதிகம் தொந்தரவு செய்கிறது.

நாவலில் இது சாத்தியமா என்றால், இதே அளவுக்குச் சாத்தியமில்லை என்பேன். நாள் முழுக்கக் கட்டங்களில் எண் நிரப்பும் குமாஸ்தா என்ற முறையில் இப்புத்தகங்களின் பட்டியல்கள்மீது எனக்குப் பிரியமில்லை. ஆனாலும் ஒன்று: ஆட்டக்காரன் தன் பாத்திரத்தின் பலம், புத்தி இவற்றைப் பகடை உருட்டித்தான் பெறுகிறான். வாஹாவின் சீட்டும் இந்தப் பகடையும் ஒரே ஜாதி. புராணத்தை அவன் வாசிப்பதில்லை. மேஜைக்கு வந்ததும் தன் கையால் திரும்ப நடத்துகிறான்.

அறுப்பதற்கும் ஒரு சடங்கு உண்டு. வாஹாவின் சாந்த வெட்டு: அறுபட்ட மிருகத்தின் ஆவி மந்தைத் தாய் ஐரிதாவிடம் திரும்பிப் போக வேண்டும். வில்லன் என்று மொரோகாந்தை வெட்டித்தள்ளி ஆட்டத்தை முடித்துக்கொள்கிறவர்கள் இந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை. பைசனின் கழுத்தில் கத்தியை வைத்து மரியாதையோடு மந்திரம் சொல்லும் பாத்திரத்தை நடத்துகிறவன், அடுத்த மேய்ச்சல் நிலத்தில் குனிந்து மேயும் மனிதனைப் பார்த்து என்ன பேசுவான்?

இது எதன் குறியீடு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எதன் குறியீடும் இல்லை. அது மேய்கிறது.