நிரல் எல்லோருக்கும், பெயர் ஒருவருக்கு

2015 மார்ச்சில் இந்திய அரசு ஒரு திறமூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகள் மென்பொருள் வாங்கும்போது திறமூலத்தைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும், தவிர்த்தால் காரணம் சொல்ல வேண்டும் என்றது. நல்ல விஷயம்தான். திறமூலம் என்று ஏற்க அந்த ஆவணம் வைத்த நிபந்தனைகள் இரண்டு. மூலநிரலைப் படிக்க, மாற்ற, பகிர உரிமை இருக்க வேண்டும். அதற்கு உரிமத்தொகை கேட்கக்கூடாது. கூடவே, நீண்டகால நோக்கில் மென்பொருள் மீதான கட்டுப்பாட்டை உறுதிசெய்வதையும் ஒரு குறிக்கோளாகச் சொல்கிறது.

என் விமர்சனம் இதுதான்: அந்த இரண்டு நிபந்தனைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் குறிக்கோளை எட்டவே முடியாது. இரண்டும் இன்றைய உரிமத்தைப் பார்க்கின்றன. நாளைக்கு அதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று அவை கேட்பதில்லை.

கொள்கை வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸை உலகம் முழுக்கச் சின்னச் சின்ன அலுவலகங்கள் தங்கள் சர்வர்களில் நம்பி வைத்திருந்தன. அதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு என்று சொல்லப்பட்டிருந்தது. அதைக் கையில் வைத்திருந்த ரெட் ஹேட்டை 2019-இல் ஐபிஎம் வாங்கியது. 2020 டிசம்பரில், 2021 கடைசியோடு பராமரிப்பு முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபார்ம் மென்பொருளைத் திறமூல உரிமத்திலிருந்தே எடுத்துவிட்டது. 2024 மார்ச்சில் ரெடிஸும் அதையே செய்தது. அடுத்த ஆண்டு திறமூல உரிமம் ஒன்றைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. போனதும் வந்ததும் நிறுவனத்தின் முடிவு.

"பழைய நிரலை யாரும் பிடுங்க முடியாதே, பிரித்து எடுத்துத் தனியாக நடத்தலாமே" என்பார்கள். சட்டப்படி சரி. ரெடிஸிலிருந்து வால்கீ அப்படித்தான் பிறந்தது. ஆனால் அதன் பின்னால் அமேசான், கூகுள், ஆரக்கிள் போன்றவர்கள் நின்றார்கள். நான் ராஜபாளையத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். இந்த ஊர் நூற்பாலை ஒன்றில் கணக்கும் சரக்கிருப்பும் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள். "அதான் ஃப்ரீயாச்சே தம்பி, யாரு வந்து கேக்கப் போறா?" என்பது இங்கே சகஜமான பேச்சு. யாரும் வந்து கேட்கமாட்டார்கள்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். பிரித்து எடுக்கும் உரிமை எல்லோருக்கும் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்த ஆளும் பணமும் வேண்டும்.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் உண்டு. சம்பளம் கொடுத்து அவர்கள் எழுத வைத்ததை, பெரிய கிளவுட் நிறுவனங்கள் சேவையாக விற்றுக் காசு பார்த்தன. நிறுவனப் பணம் இல்லாவிட்டால் இந்த மென்பொருள்களில் பாதி இருக்காது. அதனால் நிறுவனம் எழுதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயரும் முடிவெடுக்கும் அதிகாரமும் ஒரே இடத்தில் சேர்வதைத்தான் சொல்கிறேன். பிரிந்து போனவர்கள் எல்லோரும் பெயரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது: ஓப்பன்ஆஃபீஸ் லிப்ரேஆஃபீஸ் ஆனது, மைஎஸ்கியூஎல் மரியாடிபி ஆனது, டெராஃபார்ம் ஓப்பன்டோஃபு ஆனது.

பெயரை வேறு மாதிரியும் வைத்துக்கொள்ள முடியும். அதற்குத் தூரமாகப் போக வேண்டாம், பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் போதும். பாலும் சர்க்கரையும்தான் பால்கோவா. செய்முறை ஊருக்கே தெரியும். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வணிக முத்திரையை விற்கலாம். மைஎஸ்கியூஎல் 2008-இல் சன் நிறுவனத்துக்குப் போய், 2010-இல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிளுக்குப் போனது அப்படித்தான். 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி இந்தக் குறியீட்டை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. பெரிய இனிப்புக் கம்பெனி ஒன்று நாளைக்கு ஊருக்குள் வந்து கடை போடலாம். 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்ற பெயரை விலைக்கு வாங்கி மற்ற கடைக்காரர்களை வெளியே தள்ள முடியாது. வெளியூர்க்காரருக்கு இது மூடிய கதவுதான், மறுக்கவில்லை. உள்ளே இருப்பவர்களில் யாரும் முதலாளி இல்லை என்பதே எனக்கு முக்கியம்.

மென்பொருளிலும் இப்படி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை எந்த ஒரு நிறுவனமும் சொந்தம் கொண்டாட முடியாது. அதன் மையக்குழுவில் பாதிப்பேருக்கு மேல் ஒரே நிறுவனத்து ஆட்களாக இருக்கக்கூடாது என்பது நெடுநாள் வழக்கம். 2020-இல் ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கியதில் அந்தக் கணக்கு தப்பியது. வெளியிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

ஆகவே அரசுக் கொள்கையில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம். பதிப்புரிமை ஒரே இடத்தில் குவிந்திருக்கிறதா? பெயர் யாருடையது? மாற்றங்களை ஏற்பவர்கள் எத்தனை நிறுவனங்களிலிருந்து வருகிறார்கள்? ஆலைக் கணக்கரும் இதைக் கேட்கலாம், பதில் தேட அரை மணி நேரம் ஆகும். 'ஃப்ரீயா?' என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.