குவாய்ப் பாலத்துக் கதையில் நம்மவர் எங்கே?

பிரெஞ்சு ஆசிரியர் பியர் பூல் 1952-இல் எழுதிய நாவலே, 1957-இல் "குவாய் ஆற்றுப் பாலம்" என்னும் படமாகி ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. ஜப்பானியர் 1942-43-இல் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா மரண ரயில் பாதையை உலகத்தார் பலர் அறிந்தது இதன் வழியாகவே.

நூலின் நோக்கம் நன்றே. கைதியான ஆங்கிலத் தளபதி நிக்கல்சன், தன் இனமே மேலெனக் காட்டுவதற்காகப் பகைவனுக்கே பாலம் கட்டித் தருகிறான். அவ்வினச் செருக்கை ஆசிரியர் நன்கு எள்ளுகிறார்.

ஆயின், அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல்; தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் முதலிய ஆசியத் தொழிலாளரோ சுமார் 90,000 பேர் என்பர். இவர்களுள் ஒருவனுக்கேனும் கதையில் பெயருண்டா? ஆசிரியர் அறியாதவருமல்லர், போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இனச் செருக்கை எள்ளிய எழுதுகோலே இனம் பார்த்து ஆள் பொறுக்கியது!

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரட்டில் நாள்தோறும் பெயர் கூப்பிடப்பட்ட நம் பாட்டன்மாருக்கு முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை.

அன்பர்களே! பிறர் எழுதவில்லையென நோவதோடு நம் கடமை தீராது. சயாமுக்குப் போன முன்னோர் பெயரை ஒவ்வொரு குடும்பமும் எழுதி வைக்க வேண்டும். பெயர் இருந்தாலன்றோ கணக்குக் கேட்க இயலும்?