இரண்டு காற்புள்ளிகள்

அப்பாச்சி ஜேமீட்டர் 1998 முதல் புழக்கத்தில் இருக்கும் சோதனைக் கருவி. அதன் முகம் இன்றும் பழைய அலுவலகப் படிவம் போலத்தான். ஆனால் டேட்டாபேஸுக்கு வினவல் அனுப்பும் அதன் ஜேடிபிசி பக்கத்தில், வேரியபிள் பெயர்களுக்கென ஒரு சின்னக் கட்டம் உண்டு. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

வினவல் பத்திகளைத் தரும் வரிசையிலேயே நாமும் அந்தக் கட்டத்தில் பெயர் சூட்டலாம். 'எண்,,தொகை' என்று எழுதினால் நடுப் பத்தி சத்தமில்லாமல் கழிந்துவிடும். முதல் வரியின் மதிப்பு எண்_1, அடுத்தது எண்_2. மொத்தம் எத்தனை வரி என்பது எண்_#. மறுமுறை வரிகள் குறைந்து வந்தால் பழைய மிச்சங்களை அதுவே துடைத்தும்விடுகிறது. இதை யோசித்தவர் சோதனைக்காரரின் வயிற்றெரிச்சலை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்!

பத்திப் பெயர் விஷயத்தில் டேட்டாபேஸ்கள் ஒத்துப்போவதில்லை. மேற்கோள்குறி இல்லாத பெயரை ஆரக்கிள் பெரிய எழுத்தாக்கும். போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தாக்கும். (கவுண்ட், சம் போட்டால் வரும் பெயர் அவரவர் இஷ்டம்.) இடத்தை வைத்துப் பெயரிடுவதால் இந்தச் சச்சரவு நம்மை அண்டாது. ஒரே ஆபத்து, பத்திகள் முன்பின்னாக வந்தால் தொகை இருக்க வேண்டிய இடத்தில் தேதி வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். வேண்டிய பத்திகளைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.