கிராம்சி கண்ட அதிகாரமும் இசைவும்

அரசு என்பது ஆளும் வகுப்பாரின் கையிலுள்ள வன்முறைக் கருவி என்பதே மார்க்சீயவாதிகள் பலர் நெடுங்காலம் கொண்டிருந்த கருத்தாகும். படையும் காவலும் நீதிமன்றமும் சிறையும் அதன் உறுப்புக்கள். அவற்றைக் கைப்பற்றிய வகுப்பே அதிகாரத்தைப் பெற்றதாகும். இக்கருத்துப் பொய்யன்று, ஆயின் முழு உண்மையுமன்று எனக் காட்டியவருள் தலைசிறந்தவர் இத்தாலியரான அந்தோனியோ கிராம்சி (1891–1937). அவர் வன்முறையை ஏட்டளவில் அறிந்தவரல்லர். பாராளுமன்ற உறுப்பினராயிருந்தும் 1926 நவம்பரில் முசோலினியின் ஆட்சியாற் சிறைப்பட்டார். 1928 இல் இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றார். காவலில் இருந்தவாறே 1929 தொடங்கி 1935 வரை 33 குறிப்பேடுகளை எழுதினார். அதிகாரத்தின் வேர் சிறைச்சுவருக்கு வெளியேதான் ஆழ ஓடியிருக்கிறது என்று அக்குறிப்பேடுகள் கூறுவது வியப்புக்குரியது.

இம்முடிபுக்கு அவரை உந்தியது ஒரு தோல்வி. 1917 இல் ருஷ்யாவில் வெற்றிபெற்ற புரட்சி மேலைநாடுகளில் ஏன் வெற்றிபெறவில்லை? 1920 செப்டெம்பரில் தூரின் முதலிய நகரங்களிலே தொழிலாளர் ஆலைகளைக் கைக்கொண்டனர். சில வாரங்களில் அவற்றை விட்டு நீங்கினர். ஈராண்டுகளின் பின் ஆட்சி முசோலினியிடஞ் சென்றது. சார் மன்னரின் ருஷ்யாவில் அரசே எல்லாமாயிருந்தது. அது விழவே யாவும் விழுந்தன. மேலைநாட்டிலோ அரசு ஒரு முன்னரண் மட்டுமே. அதன் பின்னே பாடசாலை, திருச்சபை, பத்திரிகை, சங்கம் என அரணுக்குப் பின் அரண் நிற்கிறது. ஆள்வோரின் உலகநோக்கையே ஆளப்படுவோர் இயல்பறிவு எனக் கொள்ளும்படி செய்வன இவையே. இவ்வாறு இசைவினாற் பெறப்படும் தலைமையே கிராம்சி கூறும் மேலாண்மை. (மேலாதிக்கம் எனத் தமிழ்ப்படுத்துவாரும் உளர், அச்சொல் அடக்குமுறையையே முன்னிறுத்துதலின் அத்துணைப் பொருத்தமுடையதன்று.)

இக்கொள்கைக்கு உரைகல்லாக அமைவது, அமெரிக்கத் தொழின்முறை பற்றி 1934 இல் அவர் தொகுத்தெழுதிய குறிப்பேடு. நவீன வாழ்வு அங்கே ஆலையிற் பிறக்கிறது. மோட்டார்க்கார் உற்பத்தியாளரான ஹென்றி போர்ட் 1914 இல் நாளொன்றுக்கு 5 டொலர் ஊதியம் அறிவித்தார். அதனைப் பெற விரும்பிய தொழிலாளியின் வீட்டுக்குக் கம்பனியின் விசாரணையாளர் சென்று, அவன் குடிக்கின்றானா, சேமிக்கின்றானா, இல்லறத்தை ஒழுங்காக நடத்துகின்றானா என ஆராய்ந்தனர். இதனை வெறும் பாசாங்கெனக் கிராம்சி நகைத்தொதுக்கவில்லை. புதிய உற்பத்திமுறை புதிய மனிதனை வேண்டுகிறது. அவனுடைய உடலும் உளமும் இயந்திரத்தின் கதிக்குப் பழக வேண்டும். தொழிற்சங்கங்களை முறித்த வன்மையும் உயர்ந்த கூலி என்னும் இனிமையும் ஒருங்கே இயங்கியதை அவர் தெளிவாகவே கண்டார்.

ஆயின் இடர்ப்பாடும் இங்கேயே தோன்றுகிறது. கூலிக்காக வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவன் இசைந்தவனா, பணிந்தவனா? இசைவையும் வன்மையையும் வேறுபிரித்துத் தொடங்கிய கொள்கை, ஆலைக்குள் நுழைந்ததும் அவற்றைப் பிரித்தறியும் அளவுகோலின்றி நிற்கிறது. மேலாண்மையின் இருப்பிடம் அரசா, குடிமைச் சமூகமா என்பதிற் கிராம்சி மாறுபடப் பேசுவதைப் பிரித்தானிய அறிஞர் பெரி அன்டர்சன் 1976 இற் சுட்டிக்காட்டினார். அக்குறையினும் இது பெரிது.

அவர் கல்வி பற்றி எழுதியவற்றோடு ஒப்புநோக்கின் இது விளங்கும். ஜென்தீலே 1923 இற் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தத்தைக் கண்டித்த அவர், ஏழைப் பிள்ளைக்கு இலகுவான படிப்பே போதும் என்று கொள்ளவில்லை. இலத்தீன் இலக்கணப் பயிற்சியும் ஓர் உழைப்பே. நெடுநேரம் ஓரிடத்திலிருந்து கருத்தூன்ற அது பழக்குகிறது. கற்றோர் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே எளிதில் வாய்க்கும் அப்பழக்கத்தை உழவன் பிள்ளைக்குப் பள்ளியே அளித்தல் வேண்டும் என்றார். வகுப்பறையில் நின்று பழகியோர் இதனை மறுக்கார். ஆனாற் பள்ளி தரும் ஒழுங்கு நாளடைவிற் பயில்வோனது உடைமையாகிறது; அதனைக் கொண்டே அவன் ஆசிரியரையும் மறுத்துரைக்கலாம். ஆலை தரும் ஒழுங்கோ முதலாளியின் உடைமையாகவே இருந்துவிடுகிறது. தொழிலாளர் தாமே விதித்துக்கொள்ளும் ஒழுங்கு வேறு, மேலிருந்து விதிக்கப்படுவது வேறு எனக் கிராம்சியும் கருதினார்; முன்னது வந்துவிட்டது என்பதை எதனைக் கொண்டு அறிவது என்பதை விளக்கினாரல்லர்.

கிராம்சி 1937 ஏப்ரல் 27 ஆந் திகதி இறந்தார். அடுத்த மாதம் 26 ஆந் திகதி, டெற்றோயிற் நகருக்கு அண்மையிலுள்ள போர்ட் ஆலையின் வாயிலருகே துண்டுப்பிரசுரம் வழங்க வந்த தொழிற்சங்கத்தாரைக் கம்பனியின் காவலாட்கள் அடித்துத் துரத்தினர். அக்கம்பனி தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை செய்தது 1941 இல், ஒரு வேலைநிறுத்தத்தின் பின்னரேயாம்.