செயற்கை நுண்ணறிவும் முனைவர் பட்ட ஆய்வும்: ஆண்டாள் காலக் கணிப்பை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வேட்டின் நேர்மையை ஒப்புமை விழுக்காட்டால் அளக்கும் நடைமுறை, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகியுள்ள இக்காலத்திற்குப் போதாது. முடிவை எட்டிய வழியை ஆய்வாளர் காட்ட வல்லவரா என்பதே அளவுகோலாக வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, ஒப்புமை, ஆண்டாள் காலம், சான்று, வாய்மொழித் தேர்வு

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட நெறிமுறைகள் ஒப்புமையை நான்கு நிலைகளாகப் பகுக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வாளரின் பதிவு நீக்கப்படும். பிறரது படைப்பையோ கருத்தையோ தனதாகக் காட்டுவதே கருத்துத்திருட்டு என்பது அவற்றின் வரையறை. முனைவர் பட்டத்திற்கான புதிய நெறிமுறைகள் 2022 நவம்பர் 7இல் அறிவிக்கப்பெற்றன. சாட்ஜிபிடி வெளிவந்தது அம்மாதம் 30ஆம் நாள். ஆகவே இரு நெறிமுறைகளும் இத்தகைய கருவிகளின் பரவலுக்கு முற்பட்டவை.

ஒப்புமை அளவீட்டின் எல்லை

கருவி தொடுத்துத் தரும் பத்திக்குப் 'பிறர்' என்று சுட்டத்தக்க ஒருவர் இல்லை. அது புதிய தொடர்களாக அமைவதால் ஒப்புமை மென்பொருளில் பெரும்பாலும் அகப்படுவதும் இல்லை. இதன் விளைவு கவலைக்குரியது. நூல்களைக் கற்றுத் தொகுத்தெழுதிய மாணவர் 15 விழுக்காடு பெற்று ஏட்டைத் திருத்த நேரிடலாம். ஒரு நூலையும் திறவாதவர் 2 விழுக்காட்டுடன் தேறிவிடலாம். கருவி எழுதியதைக் கண்டறிவதாகக் கூறும் மென்பொருள்களும் தீர்வாகா. அவை மனிதர் எழுதியதையும் கருவியின் எழுத்தெனப் பிழையாகக் காட்டக்கூடியவை.

ஆண்டாள் காலம்: ஒரு சான்று

எங்கள் மம்சாபுரத்தை அடுத்த திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாளின் காலத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பாவையில் வரும் மார்கழி முழுமதி, வெள்ளியின் எழுச்சி, வியாழனின் மறைவு ஆகிய குறிப்புகளைக் கொண்டு மு. இராகவையங்கார் கி.பி. 731 என்னும் ஆண்டைக் கணித்தார். 'ஆண்டாளின் காலம் யாது?' என வினவினால் கருவியும் இவ்விடையை நொடியில் தரக்கூடும். விடை ஒன்றே, எனினும் அதனை ஆய்வு முடிவு என இரண்டிடத்தும் கூற இயலாது.

வியாழன் வானை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளியின் தோற்றம் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே நாள்களில் மீள்கிறது. ஆகவே அக்காட்சி ஒரே ஆண்டிற்கு உரியதன்று. வேறு ஆண்டுகளிலும் பொருந்தி வரும். அவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்ய, பெரியாழ்வார் பாசுரங்களில் சுட்டப்பெறும் பாண்டியன் யார் என்பது போன்ற புறச்சான்றுகளை எடைபோட வேண்டும். வானியல் குறிப்பு மரபுவழிக் கவிக்கூற்றா, நேரில் கண்டதா என்பதும் ஆராயத்தக்கது. இராகவையங்காரின் முடிவை மறுப்பவரும் அவர் கொண்ட படிகளுள் எது வழுவியது எனக் காட்டி மறுக்கலாம். கருவி தரும் ஆண்டில் மறுப்பதற்கும் படிகள் இல்லை. படிகளைக் கேட்டால் அவற்றையும் அது புனைந்து தரக்கூடும். இல்லாத நூலுக்குப் பக்க எண் தருவதும் அதன் இயல்பே.

பயன்பாட்டின் நியாயம்

இதனால் கருவிகளை முற்றிலும் விலக்குதல் தகாது. மம்சாபுரம் போன்ற ஊரிலிருந்து மதுரையில் உள்ள நூலகம் ஒன்றிற்குச் சென்று திரும்பவே ஒரு பகல் வேண்டும். அத்தகைய ஆய்வாளருக்கு ஆங்கிலக் கட்டுரையின் சாரத்தை அறியவும் சொல்லடைவு தொகுக்கவும் கருவி துணையாகும். ஆயினும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சு நூல்களை எழுத்துணரி வழியே பெறும்போது, பழைய ணை, னை, றா போன்ற வடிவங்கள் பிழைபடக்கூடும். அப்பிழையின்மீது கட்டும் சொல்லாய்வும் பிழையாகும். மூலத்தோடு ஒப்புநோக்கும் கடமையைக் கருவியிடம் ஒப்படைத்தல் இயலாது.

முடிவுரை

வெளியீட்டு அறநெறிக் குழு (கோப்) 2023இல், கருவியை ஆசிரியராகக் கொள்ளலாகாது. அதன் பயன்பாட்டை வெளிப்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. பல்கலைக்கழகங்கள் இதனை இரு வழிகளில் செயற்படுத்தலாம். எக்கருவி, எப்பணிக்கு, எவ்வாறு சரிபார்க்கப்பட்டது என்னும் அறிக்கை ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். வாய்மொழித் தேர்வில், மேற்கோள் நூல்களுள் சிலவற்றைத் தேர்வாளர் தாமே தெரிந்தெடுத்து, அவற்றிலிருந்து முடிவு பிறந்த வழியை வினவ வேண்டும். நூல்களைக் கற்ற மாணவருக்கு அவ்வினா தம் உழைப்பை நிறுவ வாய்ப்பாகும். ஒப்புமை விழுக்காடு அவ்வாய்ப்பை அவருக்குத் தரவில்லை.